சிகிச்சைக் காலத்தில் வேலையைத் தொடர்தல்: நெகிழ்வான பணி நேரமும் வீட்டிலிருந்து பணிபுரிதலும்

நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும் நோய் ஒன்று உறுதிசெய்யப்பட்டதும், நோயாளிகள் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "நான் வேலைக்குப் போகலாமா?" போகலாம் அல்லது போகக்கூடாது என்ற இரண்டு விடைகள் மட்டுமே இதற்கு இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். அதனால் சிலர் விட்டிருக்கத் தேவையில்லாத வேலையை விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் டயாலிசிஸையோ மறுபரிசோதனையையோ தவறவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. வேலையின் நேரத்தையும் இடத்தையும் சிகிச்சைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே அது. அவ்வழியை எப்போது நாடலாம், எப்படிக் கேட்கலாம், எப்போது அது பொருந்தாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நெகிழ்வான பணி ஏற்பாடு என்றால் என்ன?

பணியின் அளவையோ தரத்தையோ கைவிடாமல், அது நடைபெறும் நேரத்தையும் இடத்தையும் மாற்றியமைப்பதை நெகிழ்வான பணி ஏற்பாடு என்கிறோம். வீட்டிலிருந்து பணிபுரிதல் அதன் ஒரு வடிவம் மட்டுமே. தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடித்தல், ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுதல், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் அலுவலகம் வருதல், சில மாதங்களுக்கு அரை நாள் பணி, நின்று செய்யும் வேலையிலிருந்து அமர்ந்து செய்யும் வேலைக்கு மாறுதல் ஆகியனவும் இதில் அடங்கும். உங்களுக்குத் தேவைப்படுவது இவற்றுள் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "வீட்டிலிருந்து வேலை வேண்டும்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது காலையில் இரண்டு மணி நேரத் தளர்வுதான். அது கிடைப்பதும் எளிது.

சிகிச்சையின் போக்கை அறிந்து கேளுங்கள்

ஒவ்வொரு சிகிச்சையும் நோயாளியின் வாரத்தை ஒவ்வொரு விதமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. பொதுவான தளர்வைக் கேட்பதைவிட, அந்தப் பங்கீட்டுக்குப் பொருந்தும் ஏற்பாட்டைக் கேட்பதே பயன் தரும்.

ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் தேவைப்படும். பயணமும் காத்திருப்பும் இதற்கு மேல். டயாலிசிஸ் முடிந்த பின் ஏற்படும் களைப்பு சிலருக்குச் சில மணி நேரத்தில் தணியும். சிலருக்கு மறுநாள் காலை வரை நீடிக்கும். திங்கள், புதன், வெள்ளியில் டயாலிசிஸ் என்றால் செவ்வாய், வியாழன், சனியில் முழுநாள் பணியும், டயாலிசிஸ் நாட்களில் விடுப்போ குறைந்த நேரப் பணியோ பொருந்தக்கூடும். பெரும்பாலான டயாலிசிஸ் மையங்கள் ஒரே நாளில் பல சுற்றுகளாக இயங்குகின்றன. உங்கள் வேலை நேரத்துக்கு இசைந்த சுற்றைத் தரமுடியுமா என்று மையத்திடமும் கேளுங்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது எப்போதும் அலுவலகம் மட்டுமே என்பதில்லை. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: டயாலிசிஸ் நடைபெறும் 4 மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்நேரத்தில் ரத்த அழுத்தம் திடீரெனக் குறையலாம். ஊசி பொருத்தப்பட்ட கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். மடிக்கணினியில் கூட்டங்களில் பங்கேற்பதற்கான நேரம் அதுவன்று.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களின் நிலை வேறு. நாளொன்றுக்கு வழக்கமாக 4 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை மணி நேரம் திரவத்தை மாற்ற வேண்டும். தூய்மையான, கதவை மூடிக்கொள்ளக்கூடிய அறை இருந்தால் பணியிடத்திலும் இதைச் செய்ய இயலும். அத்தகைய அறை இல்லாத இடங்களில் வீட்டிலிருந்து பணிபுரிவது தொற்றைத் தவிர்க்கும் வழியாகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இதற்கான திரவப் பைகள் நோயாளிகளின் இல்லத்துக்கே வழங்கப்படுகின்றன.

கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரச் சுழற்சிகளில் அளிக்கப்படுகிறது. மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறையும். கூட்ட நெரிசலான பேருந்தும் மூடிய குளிரூட்டப்பட்ட அறையும் தொற்றுக்கு வழிவகுக்கும் காலம் இது. எனவே முழுச் சிகிச்சைக் காலத்துக்கும் வீட்டுப் பணி கேட்பதற்கு மாற்றாக, ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் இரண்டு மூன்று நாட்கள் விடுப்பு, அடுத்த பத்து நாட்கள் வீட்டிலிருந்து பணி, எஞ்சிய நாட்கள் அலுவலகம் என்று திட்டமிடலாம். உங்கள் மருந்துகளுக்கு எந்த நாட்கள் கடினமானவை என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பணிபுரியும்போது உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் சென்றால் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இடத்தைவிட நேரமே முக்கியம். வழக்கமாக வாரத்தில் 5 நாட்கள், பல வாரங்களுக்குத் தொடர்ந்து செல்ல வேண்டியிருக்கும். கதிர்வீச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும்; காத்திருப்புதான் நாளை விழுங்கும். நாள்தோறும் ஒரே நேரத்தை ஒதுக்கித் தருமாறு சிகிச்சைப் பிரிவைக் கேட்டுப் பெற்று, அதற்கேற்பப் பணி தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைத்துக்கொண்டால் பலரால் வேலையைத் தொடர முடிகிறது. சிகிச்சையின் கடைசி வாரங்களில் களைப்பு மிகும் என்பதை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லிவைப்பது நல்லது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பது உண்டு. பத்து மணிக்கு மேல் பணியைத் தொடங்கும் ஏற்பாடு ஒன்றே அவர்களில் பலருக்குப் போதுமானது. வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும் என்பதால், வீட்டுப் பணியைவிட இரவு ஷிஃப்டிலிருந்து விலக்கு பெறுவதே பாதுகாப்பு. நுரையீரல் காசநோயாளிகளில் பெரும்பாலானோர், முறையான மருந்தைத் தொடங்கி ஏறத்தாழ 2 வாரங்களில் பிறருக்குத் தொற்றைப் பரப்பும் நிலையைக் கடந்துவிடுகின்றனர். சிகிச்சை வழக்கமாக 6 மாதங்கள் நீடிப்பதால் அந்த 6 மாதமும் பணியிடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் மட்டும் மருத்துவர் சொல்லும் காலத்தைப் பின்பற்ற வேண்டும்.

மனச்சோர்வு நோயில் வீட்டுப் பணியைச் சற்று எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும். மனிதர்களைச் சந்திக்கவே இயலாத தொடக்க வாரங்களில் அது பெரும் நிம்மதி அளிக்கும். அதுவே மாதக்கணக்கில் நீண்டால், எழுவதற்கும் குளிப்பதற்கும் வெளியே செல்வதற்கும் இருந்த கடைசிக் காரணமும் இல்லாமற்போகலாம். வாரத்தில் ஓரிரு நாட்களேனும் பணியிடம் செல்லும் ஏற்பாட்டைச் சிகிச்சையாளருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

வீட்டிலிருந்து பணிபுரிவது மருத்துவ விடுப்பு அன்று

இதில் ஏமாற்றமடைவோர் பலர். நடக்க முடியாத நிலையிலும், "வீட்டில் இருந்தபடியே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கப்படும்போது, நன்றியுணர்வாலோ அச்சத்தாலோ ஒப்புக்கொள்கின்றனர். பணிபுரியத் தகுதியுள்ள, ஆனால் பயணமோ நேரமோ தடையாக உள்ள ஒருவருக்கே வீட்டுப் பணி உரியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் ஓய்வு என்று எழுதியிருந்தால் அது வீட்டிலும் ஓய்வுதான்.

இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு இதில் பணம் சார்ந்த விளைவும் உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர், மாற்றுத்திறனாளிகள் எனில் 25,000 ரூபாய் வரை பெறுவோர், இத்திட்டத்தில் வருகின்றனர். தகுதியான பங்களிப்பு உள்ளவருக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நெடுநாள் நோய்களுக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இது 80 விழுக்காடாக இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம். ஆனால் ஊதியத்துக்குப் பணிபுரிந்த நாளுக்கு இவ்வுதவித்தொகை கிடையாது. அந்தப் பணி வீட்டிலிருந்து செய்யப்பட்டதாயினும் நிலை இதுவே. எனவே வீட்டுப் பணிக்கு ஒப்புக்கொள்ளும் முன், அதனால் கிடைக்கும் ஊதியத்தையும் இழக்க நேரும் உதவித்தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதைத் தேர்ந்தாலும், ஒரே நாளை இரண்டிலும் காட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத வேலைகள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தையல் இயந்திரமும், பேருந்தின் நடத்துநர் பையும், மருத்துவமனையின் வார்டும் வீட்டுக்கு வாரா. நம் மாநிலத்தில் பெரும்பாலோரின் வேலை இத்தகையதே. இவர்களுக்கும் நெகிழ்வு உண்டு. அதன் பெயர்தான் வேறு. பகல் ஷிஃப்ட், பளு தூக்காத பிரிவு, கழிவறைக்கு அருகில் இடம், மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இடைவேளை, தொழிலாளர் பேருந்தில் ஏறும் இடத்தை வீட்டுக்கு அருகில் மாற்றுதல் ஆகியன செலவின்றியே பெரும்பாலும் செய்யக்கூடியவை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பணியாளர் அனைவருக்கும் அமர்வதற்கான இருக்கை வசதியை நிறுவனம் அளித்தாக வேண்டும். கால் நரம்புச் சுருட்டல், மூட்டுத் தேய்மானம், கர்ப்பகாலக் கால்வீக்கம் உடையவர்களுக்கு இது சலுகையன்று, சட்டம் தரும் வசதி.

நாள் கூலிக்குப் பணிபுரிவோருக்குக் கேட்பதற்கு மேலாளர் என ஒருவர் இருப்பதில்லை. அவர்கள் சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்தித்து, எந்த நலவாரியத்தில் பதிவு செய்யலாம், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டறிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லா நோயாளிகளுக்கும் வீட்டிலிருந்து பணிபுரியும் உரிமையை வழங்கும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. இதை அறிந்துகொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும். எனினும் சில பிரிவினருக்கு வலுவான பாதுகாப்பு உள்ளது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடுகளுடன் பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபீலியா, தலசீமியா, மனநோய் ஆகியனவும் அதில் அடங்கும். பணியாளரின் நிலைக்கேற்ப, நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாகாத மாற்றங்களைச் செய்து தருவதை இச்சட்டம் நியாயமான இணக்க ஏற்பாடு என்கிறது. அரசு நிறுவனங்கள் இதைச் செய்தாக வேண்டும். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டதற்காக அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ செய்யக்கூடாது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடங்களில் அக்கொள்கையில் என்னென்ன வசதிகள் செய்து தரப்படும் என்பது இடம்பெற வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கொள்கையை மனிதவளப் பிரிவிடம் கேட்டுப் படித்துப்பாருங்கள்.

குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு, மகப்பேறு விடுப்பு முடிந்த பின் பணியின் தன்மை இடம் தருமாயின், இருதரப்பும் ஒப்பும் நிபந்தனைகளுடன் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கலாம் என்ற பிரிவு 2017-இல் மகப்பேற்று நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. "அனுமதிக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பதற்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது.

எப்படிக் கேட்பது?

முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் உங்கள் உடல்நிலையை எழுதிவாருங்கள். எந்நேரத்தில் தெளிவாக இருக்கிறீர்கள், எப்போது களைப்பு வருகிறது, பயணம் எவ்வளவு வலுவை எடுத்துக்கொள்கிறது என்பன அதில் இருக்கட்டும். மருத்துவரிடம் சான்று கேட்கும்போது அக்குறிப்பேட்டைக் காட்டுங்கள். சான்றில் நோயின் பெயர் இருந்துதான் ஆகவேண்டும் என்பது எல்லா நேரத்திலும் இல்லை. என்ன செய்ய இயலும், எதைத் தவிர்க்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் கேட்பவர் மட்டும் உரிய சான்றைக் காட்ட வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. நிலையை ஒருவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது.

விண்ணப்பம் குறுகியதாகவும் காலவரையறை உடையதாகவும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

"நான் மருத்துவச் சிகிச்சையில் உள்ளேன். மருத்துவரின் அறிவுரைப்படி அடுத்த 12 வாரங்களுக்கு நெரிசலான பயணத்தைத் தவிர்க்க வேண்டியுள்ளது. இக்காலத்தில் செவ்வாய், வியாழக்கிழமைகளில் அலுவலகம் வந்தும், ஏனைய மூன்று நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை வீட்டிலிருந்தும் பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். 4 வாரங்களுக்குப் பின் இவ்வேற்பாட்டை மறுபரிசீலனை செய்ய ஒப்புகிறேன். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது."

இதை மின்னஞ்சலாகவோ எழுத்தாகவோ அளித்து, வரும் பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்புதல் அந்த மேலாளர் மாறும்வரைதான் நிலைக்கும். ஊதியம், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவற்றில் இதனால் மாற்றம் உண்டா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள்.

வேலை கெட்டுவிடும் என்ற ஐயம் நிறுவனத்துக்கு எழுவது இயல்பு. அதற்கு விடைதரும் ஆய்வுகள் உள்ளன. சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான சி-டிரிப்பில், பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 9 மாதங்கள் நடத்திய ஆய்வில், வீட்டிலிருந்து பணிபுரிந்த அழைப்பு மையப் பணியாளர்களின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் வீட்டுப் பணியைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், 1,612 பணியாளரிடையே விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பணித்தரம் குறையவில்லை. இவை நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. முதல் ஆய்வில் சேர்வதற்கு வீட்டில் தனியறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. ஆய்வு முடிந்ததும் வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகம் திரும்பவே விரும்பினர். தனிமை அதற்கு முக்கியக் காரணம். தனியறை இல்லாத வீட்டில் நோயுடன் பணிபுரிவோர் இவ்விரு செய்திகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பராமரிப்பாளர் கவனத்துக்கு

"வீட்டில்தானே இருக்கிறாய், இதையும் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்ற சொல்லை வீட்டுப் பணி செய்யும் பெண்களில் கேட்காதோர் அரிது. 2019-இல் இந்தியாவில் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இந்நிலையில் வீட்டிலிருந்து பணிபுரிதல் பராமரிப்பாளரின் சுமையைக் குறைப்பதாகத் தோன்றி, இரண்டு முழுநேர வேலைகளை ஒரே இருக்கையில் சுமத்திவிடக்கூடும்.

மறதி நோய் உள்ள தாயையோ பக்கவாதத்தால் படுக்கையில் உள்ள தந்தையையோ கவனித்தபடி, அதே நேரத்தில் முழுக்கவனத்துடன் பணிபுரிய எவராலும் இயலாது. வீட்டுப் பணியால் மிஞ்சுவது பயண நேரமும், அவசரத்துக்கு அருகில் இருக்கும் வாய்ப்புமே. பணி நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தாக வேண்டும். அது எவர், எந்நேரம் என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நோயாளி இரவில் அடிக்கடி விழிப்பவராயின் தாமதமாகத் தொடங்கும் பணிநேரமே உங்களுக்கு உகந்தது. பிசியோதெரபிக்கும் மறுபரிசோதனைக்கும் முழுநாள் விடுப்பைச் செலவிடாமல், சில மணி நேர அனுமதியைப் பெற முயலுங்கள்.

மத்திய அரசின் பெண் ஊழியர்களும் தனித்து வாழும் தந்தையரான ஊழியர்களும் பணிக்காலத்தில் மொத்தம் 730 நாட்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்புப் பெறலாம். மாற்றுத்திறனாளியான குடும்ப உறுப்பினரைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர், வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு கோரலாம்.

வீட்டுப் பணியில் உடல்நலம்

வீட்டில் வேலை நேரம் நம்மை அறியாமலே நீள்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பணிபுரிவோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் பணிபுரிவோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதலாக இருப்பதாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. இதய நோயாளிகள் தம் பணி முடியும் நேரத்தைக் கடிகாரத்தில் அலாரமாக வைத்துக்கொள்வது நன்று.

கட்டிலில் அமர்ந்து பணிபுரிவதைத் தவிர்க்கவும். சாய்மானமுள்ள நாற்காலியும், கண்மட்டத்தில் திரையும் இருக்கட்டும். மடிக்கணினியின் கீழ் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கித் தனி விசைப்பலகையை இணைத்தாலே கழுத்துவலி குறையும். மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்கவும். நீரிழிவு உள்ளவர்கள் உணவு நேரத்தைக் கூட்டங்களுக்காகத் தள்ளிவைக்க வேண்டாம்.

புதிதாக மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஏற்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்கவும். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.